சேலமா, கோவையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னைக்கு விமானத்தில் போகும் ஈரோடு, பவானி, திருச்செங்கோடு பகுதிக்காரர்களுக்குக் கோவையைவிடச் சேலமே சீக்கிரம் என்று உங்கள் பயணப் பக்கத்தில் படித்தேன். வான்வழியில் கோவை–சென்னை சுமார் 400 கி.மீ., சேலம்–சென்னை சுமார் 265 கி.மீ. என்பதுதான் அதில் சொன்ன காரணம். தூரம் சரி. அதை வைத்துப் போட்ட நேரக் கணக்குதான் இடிக்கிறது.

கோவையிலிருந்து சென்னைக்குப் பெரும்பாலும் பறப்பவை ஏர்பஸ் ஜெட்கள். மேலே போய்விட்டால் மணிக்கு 800 கி.மீ. வேகம். சேலத்துக்கு, அதாவது ஓமலூர் பக்கம் காமலாபுரத்துக்கு, வந்துபோவது ஏடிஆர் 72. புரொப்பல்லர் விமானம், வேகம் 500 கி.மீ. அளவில்தான். அப்புறம், அட்டவணையில் போடும் நேரம் வானத்தில் இருக்கும் நேரம் மட்டுமல்ல. இங்கே நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்கும்வரை எல்லாம் அதில் அடக்கம். ஓடுபாதைவரை ஊர்ந்து போவதும், மீனம்பாக்கத்தில் இறங்க முறை வரும்வரை காத்திருப்பதும் தூரம் குறைந்ததற்காகக் குறையப்போவதில்லை. ஆக, எங்கே ஏறினாலும் ஒரு மணி, மிஞ்சினால் ஒன்றேகால் மணி. தூரத்தை வேகத்தால் வகுத்து 'அரை மணி நேரம்' என்று காட்டும் இணையக் கணக்கை நம்பி யாரும் முகூர்த்தத்துக்குக் கிளம்பிவிட வேண்டாம்!

சேலத்தில் ஆதாயம் இருக்கிறது, ஆனால் அது தரையில். எங்கள் பவானியிலிருந்து காமலாபுரம் எழுபது கி.மீ.க்குள் வரும், கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேடு நூறை நெருங்கும். பெருந்துறை, அவிநாசி வழியாக நீலாம்பூர்வரை வண்டி பறக்கும். அதைத் தாண்டினால் நெரிசல், எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பலர் கோவைக்கே போவதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே ஒன்றைத் தவறவிட்டால் அன்றைக்கே இன்னொன்று கிடைக்கும். சேலத்தில் விரல்விட்டு எண்ணும்படிதான் சேவை. 2018 மார்ச்சில், சிறு ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் தொடங்கி, நடுவில் நின்றுபோய், 2023 அக்டோபரில் மறுபடி வந்தது. அந்த இடைவெளியைப் பார்த்தவர்களுக்கு நம்பிக்கை மெதுவாகத்தான் வரும்.

இன்னொன்றை உங்கள் கட்டுரை தொடவே இல்லை. 2023 ஏப்ரலில் வந்த கோவை–சென்னை வந்தே பாரத், ஈரோட்டிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு நாலரை மணி நேரத்தில் போய்விடுகிறது. பவானியிலிருந்து ஈரோடு பதினைந்து கி.மீ.தான். விமானத்துக்கோ பீளமேட்டுக்கு இரண்டு மணி நேரம், முன்கூட்டியே போய்க் காத்திருக்க ஒன்றரை மணி, பறக்க ஒரு மணிக்கு மேல், சென்னையில் பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி. கூட்டிப் பாருங்கள். டெல்லிக்கோ மும்பைக்கோ போகிறவர்களுக்கு விமானம்தான், அதில் மறுபேச்சில்லை. சென்னையில் ஒரு வேலையை முடித்துத் திரும்புகிற எங்களைப் போன்றவர்களுக்கு ரயிலே மேல் என்பது என் எண்ணம்.

அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது, வான்வழித் தூரத்தோடு எந்த ரக விமானம், அட்டவணை நேரம் எவ்வளவு, ஒவ்வொரு ஊரிலிருந்தும் விமான நிலையத்துக்குச் சாலையில் எவ்வளவு நேரம் என்பதையும் போடுங்கள். கரூர்க்காரர்களுக்குத் திருச்சி விமான நிலையமும் கிட்டத்தான். அதையும் விட்டுவிடாதீர்கள்.

– ஒரு வாசகர், பவானி