கொழும்பில் 12.2, யாழ்ப்பாணத்தில் 8.0

வெள்ளவத்தை
ஓகஸ்ட் கடைசி ஞாயிறு

அன்பின் சினேகிதிக்கு,

விஞ்ஞான முகாம் முடிந்து மூன்று நாளாகிறது, இன்னும் விடிய ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. வீட்டில் எல்லோரும் நித்திரை. கடற்கரைப் பக்கம் ரயில் போகிற சத்தம் கேட்டுக்கொண்டு, தேத்தண்ணியும் கையுமாக இருந்து இதை எழுதுகிறேன். போனில் நீ "நான் வெயிலுக்குள்ள நிண்டு அளந்து அனுப்பினதுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டாய். அதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. உன்னுடைய அந்த 8.0 சென்ரிமீற்றர் நிழல் இங்கே மூன்று பிள்ளைகளை ஒரு கிழமைக்கு மேல் நிம்மதியாகப் படுக்க விடவில்லை. முழுவதையும் எழுதினால்தான் எனக்கும் மனம் ஆறும்.

ஓகஸ்ட் லீவில் மூன்று கிழமை, உயர்தரம் முதல் வருடப் பிள்ளைகள் 24 பேர், எல்லோரும் ஒரே விடுதியில். ஹற்றன், மன்னார், மட்டக்களப்பு, குருநாகல், கொட்டாஞ்சேனை என்று பல ஊர்; தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று மொழிமூலம். மூன்று மூன்று பேராகப் பிரித்தோம். அமெரிக்காவில் 1959 இல் கலிபோர்னியாவின் ஓஹாய் என்ற ஊரில் தொடங்கிய சம்மர் சயன்ஸ் புரோகிராம் பற்றி உனக்கு முன்பு சொல்லியிருக்கிறேன். அங்கே இந்த வயதுப் பிள்ளைகள் மூவராகச் சேர்ந்து இரவிரவாக ஒரு சிறுகோளைப் படம் பிடித்து, அதன் பாதையைத் தாங்களே எழுதிய புரோகிராமால் கணக்கிடுவார்கள். எங்களிடம் அந்த வசதியும் இல்லை, ஓகஸ்ட் மாதக் கொழும்பு வானத்தை நம்பவும் முடியாது. ஆனால் அந்த மூன்று பேர் கணக்கை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டோம். இரண்டு பேர் என்றால் ஒருவர் சொல்ல மற்றவர் எழுதுவார். நான்கு பேர் என்றால் ஒருவர் சும்மா இருந்துவிடுவார். மூன்று பேர் இருந்தால் கட்டாயம் வாக்குவாதம் வரும்.

இரண்டு குழுக்கள் பேர வாவித் தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனை அளந்தன. பாசி பகல் வெயிலில் ஒட்சிசனை விடும், இரவில் தானே எடுத்துக்கொள்ளும்; ஆகவே தண்ணீரில் அது ஆகக் குறைந்து இருப்பது விடிவதற்குக் கொஞ்சம் முன்பு. பள்ளிக்கூட நேரத்தில் இதை எப்படி அளப்பது? விடுதியில் தங்கியிருந்தபடியால்தான் நாலரை மணிக்கு ஆட்டோ பிடித்துப் போய், குமிழி இல்லாமல் போத்தலை நிரப்பி, அந்த இடத்திலேயே மங்கனீசு சல்பேற்றையும் கார அயடைட்டையும் விட்டு, அடியில் மண்ணிறம் எவ்வளவு வருகிறது என்று டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தார்கள்; மண்ணிறம் கூடினால் ஒட்சிசன் கூட. பின்னேரம் எடுத்த போத்தலையும் விடியற்காலைப் போத்தலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அந்த மட்டக்களப்புப் பொடியனின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சரி, அது தனிக் கதை.

உன் நம்பர் போன குழுவில் ஹற்றன் பிள்ளை ஒன்று, குருநாகல் பிள்ளை ஒன்று, கொட்டாஞ்சேனைப் பொடியன் ஒருவன். பூமியின் சுற்றளவை ஒரு கோலும் நிழலும் வைத்து அளப்பதுதான் வேலை. பழைய கிரேக்க அறிஞர் எரதொஸ்தனிஸ் எகிப்தில் அலெக்சாந்திரியா, சையீன் என்ற இரண்டு ஊர்களுக்கும் இடையில் வட்டத்தின் 50 இல் ஒரு பங்கு கோணத்தைக் கண்டது எங்கள் புத்தகத்திலும் இருந்தது, ஆனால் நாங்கள் யாரும் செய்து பார்த்ததில்லையே. வரைபடத்தைப் பார், கொழும்பும் யாழ்ப்பாணமும் கிட்டத்தட்ட ஒரே நெடுங்கோட்டில்தான் இருக்கின்றன, ஒன்றுக்கு நேர் வடக்கே மற்றது. இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்.

முதல் நாளே ஒரு அதிர்ச்சி. நண்பகல் நிழல் வடக்கே விழும் என்று மூன்று பேரும் கொப்பியில் கீறி வைத்திருந்தார்கள். 12.15 க்கு, இங்கே உச்சிப் பொழுது அப்போதுதான், நிழல் தெற்கே கிடந்தது. கொம்பஸ் பிழை என்றார்கள், வேறு கொம்பஸ் எடுத்து வந்தார்கள், அதுவும் அதையே காட்டியது. ஏப்ரல் முதல் கிழமையிலிருந்து செப்டெம்பர் முதல் கிழமை வரை சூரியன் கொழும்புக்காரரின் தலைக்கு வடக்கே நிற்கிறது என்பது எனக்கும் உனக்கும் கணக்கில் தெரியும், ஆனால் ஹற்றன் பிள்ளை அந்தப் படத்தை அழித்துவிட்டு வெயிலில் நின்றே திரும்பக் கீறியபோது, அதை எனக்கே யாரோ புதிதாகச் சொன்ன மாதிரி இருந்தது.

அப்புறம் தூரம். பொடியன் பஸ் போகிற தூரத்தைப் போட்டான், கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். ரோட்டு வளைந்து வளைந்து போகும் என்று குருநாகல் பிள்ளை சொல்ல, வரைபடத்தில் அளந்து வடக்குத் தெற்காக 302 என்று எடுத்தார்கள். அப்போது அவள் கேட்ட கேள்விக்காகவே இந்த மூன்று கிழமையும் போதும்: "மிஸ், வரைபடம் கீறினவைக்குப் பூமியின்ர அளவு ஏற்கெனவே தெரியும்தானே, அப்ப நாங்கள் விடையைக் களவெடுக்கிறமா?" நில அளவைத் திணைக்களம் 1800 இல் தொடங்கியது, நிலத்தில் ஒரு அடிக்கோட்டைச் சங்கிலி பிடித்து அளந்து அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நாட்டை அளக்கலாம் என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை அவர்களே இரவு இருந்து பேசினார்கள்.

இனி முக்கியமான இடம். ஒரு மீற்றர் கோல், எங்கள் நிழல் 12.2 சென்ரிமீற்றர், நல்லூரில் உன்னுடையது 8.0. கோணங்களைக் கழித்தால் 2.38 பாகை. அந்தக் கோணத்துக்கு 302 கிலோமீற்றர் என்றால், முழு வட்டம் 360 பாகைக்கும் சுற்றளவு 45,600 கிலோமீற்றர். மூன்று பேருக்கும் 40,000 என்பது மனப்பாடம். அன்று இரவு பத்து மணி இருக்கும், நான் படிக்கட்டில் இருந்தேன், பொடியன் தனியாக வந்து பக்கத்தில் இருந்தான். "மிஸ், 12.2 ஐ 12.8 எண்டு போட்டா எல்லாம் சரியா வருது. ஆறு மில்லிமீற்றர்தானே."

எனக்கு நெஞ்சில் இடித்தது. நம்முடைய ஊசல் பரிசோதனை ஞாபகம் இருக்கிறதா உனக்கு? ஈர்ப்பு ஆர்முடுகல் 9.8 வர வேண்டும் என்று பின்னாலிருந்து நேரங்களை எழுதி நிரப்பினோமே, நீயும் நானும் ஒரே மேசையில். பிடிபடவில்லை, முழுப் புள்ளியும் கிடைத்தது. படிப்பித்தவரும் அப்படித்தான் செய்யச் சொன்னார். அதற்குப் பிறகு பல வருடம், ஒரு அளவு எதிர்பார்த்ததற்கு மாறாக வந்தால் அது என் கையில் உள்ள பிழை என்று மட்டுமே நினைக்கப் பழகியிருந்தேன். இந்தப் பொடியன் களவு செய்யக் கேட்கவில்லை. அவனுடைய டியூஷன் வகுப்பில் நூற்றுக்கணக்கில் பிள்ளைகள், பத்து வருடப் பாஸ்ட் பேப்பர், ஒவ்வொன்றுக்கும் பின்னால் விடை. விடை இல்லாத தாளை அவன் வாழ்க்கையில் கண்டதே இல்லை.

திட்டவில்லை. "நாளைக்கு நிழல் எந்த இடத்தில முடியுது எண்டு எனக்குக் காட்டு" என்று மட்டும் சொன்னேன்.

நாளைக்கு மழை. மறுநாள் முகில். அந்த இரண்டு நாளும் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை, ஏனென்றால் காரணம் எனக்குத் தெரியும், ஒரு நிமிடத்தில் கரும்பலகையில் கீறிக் காட்டிவிடலாம், பிள்ளைகளோ சாப்பாட்டு மேசையிலும் முகம் வாடி இருக்கிறார்கள். சொல்லாமல் இருந்தேன். வகுப்பில் இத்தனை வருடம் பேசியதைவிட இந்த இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது கடினம், நம்பு.

மூன்றாம் நாள் வெயில் வந்தது. வெள்ளைத் தாளை நிழலின் நுனியில் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் தனித்தனியே பென்சிலால் புள்ளி வைத்தார்கள். மூன்று புள்ளியும் மூன்று இடம், ஒன்றிலிருந்து மற்றது பல மில்லிமீற்றர் தள்ளி. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு முழங்காலில் இருந்து தாளுக்குக் கிட்ட முகத்தை வைத்துப் பார்த்தார்கள். நிழல் ஒரு கோட்டில் முடியவில்லை. கறுப்பு, சாம்பல், இன்னும் வெளிறிய சாம்பல், பிறகு வெயில். சூரியன் புள்ளி இல்லையே, அரைப் பாகை அகலம், ஒரு மீற்றர் தள்ளி அது கிட்டத்தட்ட 9 மில்லிமீற்றர் மங்கலாக விழுகிறது. அந்த மங்கலுக்கு மூன்று பேருக்கும் பொதுவான சொல் இல்லை. ஹற்றன் பிள்ளை "பஞ்சு" என்றாள். அன்றிலிருந்து குருநாகல் பிள்ளையும் அதைப் பஞ்சு என்றே சொன்னாள்.

பொடியன் எழுந்து நின்று, "அப்ப 12.2 உம் பொய் இல்ல, 12.8 உம் பொய் இல்ல" என்றான். கொஞ்சம் கழித்து, மெதுவாக, "ஆனா எனக்கு எது எண்டு தெரியாது." இதைச் சொல்ல அவனுக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று உனக்கு எப்படிச் சொல்வேன். அன்று பின்னேரம் இரண்டு பக்கமும் 4 மில்லிமீற்றர் வழு வைத்து அவர்களே கணக்குப் போட்டார்கள்: 45,600, கூடக்குறைய 6,000. அதாவது 40,000 உம் உள்ளேதான் இருக்கிறது.

இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். ஹற்றன் பிள்ளை விடவில்லை. முதல் கிழமை ஒவ்வொரு இரவும் அம்மாவோடு போனில் பேசிவிட்டு அழுத பிள்ளை அது. வகுப்பில் வாய் திறக்காது. ஒரு இரவு மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், முகில் விலகிய ஒரு துண்டு வானத்தில் கேட்டை நட்சத்திரத்தைச் சிவப்பாகக் காட்டினேன், "எங்கட லயத்தில இருந்து இதைவிட வடிவாத் தெரியும் மிஸ்" என்றாள், அதிலிருந்துதான் பேசத் தொடங்கினாள். இப்போது அவள் முற்றத்து மாமரத்துக்குக் கீழே நின்று நிலத்தைக் காட்டுகிறாள். இலைகளுக்கு இடையால் விழுந்த வெளிச்சப் பொட்டுகள். இலைச் சந்துகள் எல்லாம் கோணல் மாணல், ஆனால் நிலத்தில் பொட்டுகள் வட்டம். "இது ஓட்டையின்ர வடிவம் இல்ல மிஸ், சூரியன்ர வடிவம்." கோலின் நுனியில் ஓட்டை போட்ட அட்டை ஒன்றை வைத்தால் நிழலின் பஞ்சைத் தேடத் தேவையில்லை, வட்டத்தின் நடுவைக் குறித்தால் போதும் என்று அவளாகவே கண்டுபிடித்தாள். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அட்டை வைத்தபின் மூவரும் வைத்த புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன.

பெற்றோர் இடையிடையே போன் எடுத்தார்கள். மூன்று கிழமை டியூஷன் விடுபடுகிறதே, இதனால் இசட் ஸ்கோர் கூடுமா என்று ஒரு அப்பா கேட்டார். அவரில் எனக்குக் கோபம் இல்லை. 2001 இலிருந்து பல்கலைக்கழக வாசலே அந்த எண்தான், அவர் வேறு எதைக் கேட்பார். கூடாது என்று உண்மையைச் சொன்னேன். கடைசி நாள் அவர் வந்து பின்வரிசையில் நின்றார். விருந்தினர் ஒருவர் குழுவிடம், "உண்மை விடை 40,000 தானே, ஏன் 45,600 எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். பொடியன் சொன்னான்: "எங்கட கோல் அவ்வளவுதான் சொன்னது, சேர். அடுத்த முறை இன்னும் சரியாச் சொல்லும்." பின்வரிசையில் நின்ற அந்த அப்பா அவனுடைய அப்பாதான்.

அந்த அடுத்த முறைக்கு நீ வேண்டும். அட்டை வைத்து இங்கே மட்டும் அளந்து பிரயோசனமில்லை, இரண்டு ஊரிலும் ஒரே நாளில் அளக்க வேண்டும். ஏப்ரல் லீவைப் பிள்ளைகள் குறித்துவிட்டார்கள்: அந்த முதல் கிழமை முடிகிறபோது கொழும்பில் நிழலே இராது, உன்னுடைய கோணம் மட்டுமே விடை. மூவரும் வீடு போய்விட்டார்கள், ஆனால் நேற்று இரவும் மூன்று பேரிடமிருந்தும் மெசேஜ், யாழ்ப்பாணத்து மிஸ் சம்மதிப்பாவா என்று.

ஆகவே இந்தக் கிழமை யாழ்ப்பாண பஸ்ஸில் ஒரு பொதி வரும், போய் எடுத்துவிடு. உள்ளே ஒரு தூக்குக் குண்டு, கோல் நேராக நிற்கிறதா என்று பார்க்க. இரண்டு பழைய கொப்பி மட்டைகளுக்கு நடுவில் அந்த அட்டை. ஓட்டையை அவள்தான் ஊசியால் குத்தினாள், பேனையை விட்டுப் பெருப்பித்துவிடாதே. உன் வகுப்பிலிருந்தும் மூன்று பேரைப் பிடி. இரண்டு பேர் வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய மேசைக்காரி