மேனுவல் ஒன்று சொல்கிறது, மாட்யூல் வேறொன்று செய்கிறது: மிடி சேனல், மோட் குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

வணக்கம்.

உங்கள் 1யூ ரேக் சவுண்ட் மாட்யூலை (கீபோர்டோடு இணைத்தால் வாத்திய ஒலிகளைத் தரும் பெட்டி) சேலத்தில் உள்ள டீலரிடம் வாங்கி, எங்கள் மெல்லிசைக் குழுவில் வாசித்து வருகிறேன். சவுண்டில் குறையே இல்லை, ஸ்ட்ரிங்ஸும் குழலும் அருமை. பிரச்சினை முழுக்க மிடி (ஒரு கருவி இன்னொன்றுக்கு வாசிப்புக் கட்டளை அனுப்பும் முறை) சேனலிலும், அந்தக் கட்டளைகளை மாட்யூல் எப்படி ஏற்கிறது என்ற மோடிலும்தான். ஏற்கெனவே மெயில் போட்டதற்கு "கேபிளை மாற்றிப் பாருங்கள்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன், விஷயம் தெரிந்த டெக்னிக்கல் ஆள் ஒருவர் இதை முழுசாகப் படிக்க வேண்டும்.

என் செட்டிங் இதுதான். பியானோ சேனல் 1, வலது கைக்குக் குழல் சேனல் 3, இடது கைக்கு ஸ்ட்ரிங்ஸ் சேனல் 4, ரிதம் பேட் சேனல் 10. எல்லாமே ஆம்னி ஆஃப், அதாவது அந்தந்தப் பகுதி அதனதன் சேனலுக்கு மட்டும் காது கொடுக்க வேண்டும். இதை சேவ் செய்து, ஆஃப் செய்து, மறுபடி ஆன் செய்தால் திரையில் "ஆம்னி ஆஃப்" என்றுதான் இருக்கிறது, ஆனால் பியானோ பகுதி 16 சேனலில் எது வந்தாலும் வாசிக்கிறது. மெனுவுக்குள் போய் ஆம்னியை ஒரு தடவை ஆன் செய்து திரும்ப ஆஃப் செய்தால்தான் வழிக்கு வருகிறது. திரையில் ஒன்று காட்டி உள்ளே வேறு மாதிரி நடந்தால் மேடையில் நிற்கிறவன் எதை நம்புவது?

ஆடி மாதம் சேலத்தில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கோட்டை மாரியம்மனில் தொடங்கி குகை, அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை என்று ஏரியாவுக்கு ஏரியா திருவிழா, கச்சேரி. நடுவில் கரண்ட் போகும், ஜெனரேட்டருக்கு மாற்றுவார்கள், மாட்யூல் ரீஸ்டார்ட் ஆகும். அப்படி அம்மாப்பேட்டை மேடையில் ஆனபோது, பேட் வாசிக்கிற தம்பி அடித்த ஒவ்வொரு அடிக்கும் பியானோவின் கீழ்க்கட்டை சேர்ந்து கத்தியது. கிக் டிரம் நோட் எண் 36, ஸ்நேர் 38. அந்த இரண்டும் பியானோவில் அடிமட்ட ஸ்வரங்கள். பாடுகிறவர் சுருதி பிடிக்க முடியாமல் பல்லவியிலேயே நிறுத்திவிட்டார். முன்வரிசையில் விழாக் கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். குழுவின் பெயர் கெட்டது, அடுத்த வருடம் கூப்பிடுவார்களா என்பது சந்தேகம்தான்.

இரண்டாவது கோளாறு இதைவிட மோசம். குழலில் கமகம் இழைய வேண்டும் என்றால் மோனோ மோட் (ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்) வேண்டும். அதற்குக் கீபோர்டிலிருந்து சேனல் 3-க்கு மோனோவுக்கு மாற்றும் மிடி கட்டளையான கண்ட்ரோலர் 126, மதிப்பு 1 அனுப்புகிறேன். மதிப்பு 1 என்றால் அந்த ஒரு சேனல் மட்டும் மோனோ. 0 என்றால்தான் அங்கிருந்து தொடங்கி அடுத்தடுத்த சேனல்களுக்கும் வாய்ஸ் (மாட்யூல் ஒரே நேரத்தில் எழுப்பக்கூடிய ஒலிகள்) உள்ளவரை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். உங்கள் மாட்யூல் 1-ஐயும் 0 மாதிரியே எடுத்துக்கொள்கிறது. விளைவு, சேனல் 4-ல் இருக்கிற ஸ்ட்ரிங்ஸும் மோனோ ஆகி, மூன்று விரல் வைத்துக் கார்டு பிடித்தால் ஒரே ஸ்வரம்தான் கேட்கிறது.

இது கேபிள் கோளாறு இல்லை. கேபிள் போனால் நோட்டே வராது, அல்லது விட்டுவிட்டு வரும். மோட் மாறாது. கீபோர்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மிடி எடுத்தும் பார்த்துவிட்டேன். போவது பி2, 7இ, 01 (ஹெக்ஸ், அதாவது 16-அடிமான எண்கள்) என்ற மூன்று பைட்தான். சேனல் உள்ளுக்குள் 0-விலிருந்து எண்ணப்படுவதால் பி2 என்பது சேனல் 3, 7இ என்பது 126, கடைசியில் தெளிவாக 01. அனுப்புவது சரி, வாங்குகிற இடத்தில்தான் தப்பு.

இதற்கு வெளியே சாட்சி தேட வேண்டியதில்லை. உங்கள் மேனுவலின் கடைசிப் பக்கத்தில் மிடி இம்ப்ளிமென்டேஷன் சார்ட் (எந்தெந்த மிடி கட்டளையை ஏற்கும் என்ற பட்டியல்) போட்டிருக்கிறீர்கள். அதில் டீஃபால்ட் மோட் 3, ஏற்கும் மோட் 3, 4, பக்கத்திலேயே எம்=1, அதாவது மோனோ ஒரு சேனலுக்கு மட்டும், என்று அச்சாகியிருக்கிறது. மோட் 4 என்றால் ஆம்னி ஆஃப், மோனோ. மோட் 3 என்றால் ஆம்னி ஆஃப், பாலி (ஒரே நேரத்தில் பல ஸ்வரம்). ஆன் செய்தவுடன் அப்படித்தானே வர வேண்டும்? நான் இந்தச் சார்ட்டைப் பார்த்துத்தான் காசு கொடுத்து வாங்கினேன்.

கேட்பது இவ்வளவுதான். இந்த இரண்டையும் சரிசெய்த ஃபர்ம்வேர் (மாட்யூலுக்குள் ஓடும் மென்பொருள்) கொடுங்கள். மிடி வழியாகவே ஏற்றக்கூடிய சிஸ்எக்ஸ் ஃபைலாக அனுப்பினால் நானே ஏற்றிக்கொள்கிறேன். முடியாது என்றால் யூனிட்டை மாற்றிக் கொடுங்கள், அதுவும் முடியாது என்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். சர்வீஸுக்கு அனுப்பச் சொன்னால் அதுவரை வாசிக்க வேறு யூனிட் தர வேண்டும். மே மாதம் ஏற்காடு கோடை விழா, அப்புறம் ஆடி. வெறுங்கையோடு மேடை ஏற முடியாது.

15 நாளில் எழுத்துப்பூர்வமாகப் பதில் வேண்டும். வராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே அதைப் பதிவு செய்யலாம். பில் நகல், திரையும் சத்தமும் சேர்ந்து பதிவான வீடியோ, மிடி பதிவு மூன்றையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மெல்லிசைக் குழு கீபோர்டு கலைஞர்,
அம்மாப்பேட்டை, சேலம்.