பிள்ளை பிறந்த பின் வரும் இரண்டு மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

"பிள்ளைதான் பிறந்துவிட்டதே, இன்னும் ஏன் உள்ளே விடுகிறீர்கள் இல்லை? கால் மணிக்கொரு தடவை வயிற்றை அமத்தி அவளை ஏன் நோகடிக்கிறீர்கள்?" கொழும்பில் எந்தப் பிரசவ விடுதி வாசலிலும் தாதியரிடம் உறவினர் கேட்கும் கேள்வி இது. கேட்பதில் பிழையில்லை. நின்று பதில் சொல்லத்தான் அங்கே எவருக்கும் நேரம் கிடைப்பதில்லை. பிள்ளை பிறந்த பின் தாய்க்கு வரக்கூடிய குருதிப்போக்குத்தான் அதற்குக் காரணம். அதனால் இங்கே எழுதுகிறோம்.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லீட்டருக்கும் கூடுதலாக இரத்தம் ஓடுகிறது. நஞ்சுக்கொடி கழன்றதும் அந்த இடத்துக் குழாய்கள் வாய் திறந்து கிடக்கும். தையல் போட்டு அவற்றை மூட முடியாது. கருப்பைத் தசை சுருங்கி நெரித்துப் பிடித்தால்தான் மூடும். பிள்ளை பிறந்து ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில் 10 அலகு ஒக்சிடோசின் போடுவது அதற்காகத்தான். அந்த மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். தேவைப்படும் என்று முன்கூட்டியே எடுத்துத் தட்டில் வைத்து, அது நாட்கணக்கில் கொழும்பு வெக்கையில் கிடந்தால் வீரியம் குறைந்துவிடும். குப்பியைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

வயிற்றில் கை வைத்துத் தேடுவது கருப்பையின் மேல் விளிம்பை. தொப்புள் மட்டத்தில், கிரிக்கெட் பந்துபோல் இறுகியிருந்தால் நல்லது. தொளதொளவென்று இருந்தால் உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்து இறுக வைத்து, உள்ளே தேங்கிய கட்டிகளை வெளியேற்ற வேண்டும். தொப்புளுக்கு மேலே ஏறி வலப்பக்கம் சாய்ந்திருந்தால் பெரும்பாலும் சலப்பை (சிறுநீர்ப்பை) நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். சலம் போகாமல் எவ்வளவு தேய்த்தாலும் கருப்பை இறுகி நிற்காது. நோகும்தான், அதை மறுக்கவில்லை.

ஆபத்து எப்போதும் குபுகுபுவென்று வருவதில்லை. மெல்லக் கசியும் இரத்தம் துணியிலும் மெத்தையிலும் முதுகுக்கடியிலும் ஊறிவிடும். கண்ணால் மதிப்பிட்டால் உள்ளதைவிடக் குறைவாகவே சொல்வோம். அனுபவம் உள்ளவர்களும் இதில் ஏமாறுகிறார்கள். இளம் தாயின் உடல் நெடுநேரம் ஈடுகொடுக்கும்: முதலில் நாடி ஏறும், பிரஷர் விழும்போது ஒரு லீட்டருக்கு மேல் போயிருக்கலாம். ஆகவே இரத்தப்போக்கு 500 மில்லிலீட்டர் என்ற எச்சரிக்கை அளவைத் தாண்டியதா என்பதை அளந்துதான் அறிய வேண்டும். ஊறிய துணியை நிறை பார்த்து, காய்ந்த துணியின் நிறையைக் கழித்தால் போதும். ஒரு கிராமை ஒரு மில்லிலீட்டர் என்று கொள்ளலாம். ஒரு சமையலறைத் தராசு போதுமான வேலை இது. அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் கீழே விரித்து, அளவு தாண்டியதும் சிகிச்சைகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுக்காமல் ஒருமிக்கக் கொடுக்கும் முறையை, கென்யா, நைஜீரியா, தென்னாபிரிக்கா, தன்சானியா நாடுகளின் 80 வைத்தியசாலைகளில் சோதித்தார்கள். 2023இல் வெளியான முடிவின்படி, கடும் குருதிப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன.

இனி ஒரு கணக்கு. கால் மணிக்கொரு தடவை என்றால் இரண்டு மணி நேரத்தில் ஒரு தாயை எட்டுத் தடவை பார்க்க வேண்டும். நாடி, பிரஷர், கருப்பை, இரத்தம், பிறகு பதிவு என்று ஒரு தடவைக்கு மூன்று நான்கு நிமிடம் போகும். நான்கு தாய்மாரோடு ஒரு தாதியின் கால் மணி நேரம் தீர்ந்துவிடும். ஐந்தாவது தாய் வந்தால், ஒன்றில் ஒருவரைப் பார்க்காமல் விடவேண்டும், இல்லாவிட்டால் பதிவு அட்டையைப் பிறகு மொத்தமாக நிரப்ப வேண்டும். பின்னர் நிரப்பிய அட்டையால் எந்தத் தாய்க்கும் பயனில்லை. இந்த நேரத்தில்தான் தொலைபேசிக்குப் பதில், கட்டில் தேடல், பதிவேடு, இரத்த மாதிரிக் குப்பி எல்லாம் அதே தாதியின் தலையில் விழுகின்றன. இரவு 7 முதல் காலை 7 வரையான பன்னிரண்டு மணி நேரக் கடமையில் இது இன்னும் மோசம். எழுத்து வேலைக்கு வேறோர் ஆளைத் தாருங்கள் என்பதே சுகாதார அமைச்சிடம் எங்கள் முதல் கோரிக்கை. கடமை மாறும்போது மேசையில் இருந்து கொப்பியைக் கையளிக்காமல், இருவரும் கட்டிலடிக்குப் போய், இருவருமே கருப்பையில் கை வைத்துப் பார்த்துப் பொறுப்பு மாற்ற வேண்டும். இதற்குச் சுற்றறிக்கை தேவையில்லை, விடுதிச் சிஸ்டர் நினைத்தால் நாளைக்கே தொடங்கலாம்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். "லே யனவாத?" (இரத்தம் போகுதா?) என்று சிங்களத்தில் கேட்டால் விளங்காத தாய், பயத்தில் தலையை மட்டும் ஆட்டுவாள். கொட்டாஞ்சேனையிலும் கிராண்ட்பாஸிலும் இருந்து வரும் தமிழ்த் தாய்மாரில் அப்படி எத்தனையோ பேர். "இரத்தம் கூடப் போகுதா? தலை சுத்துதா? கண் இருட்டுதா? சலம் முட்டுதா?" இந்த நான்கு கேள்விகளையும் சிங்கள எழுத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினால், தமிழ் தெரியாத தாதியும் வாசித்துக் கேட்கலாம்.

உறவினரிடம் ஒன்று. பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போகிறவர்கள், அந்த இடத்துக் குடும்பநல உத்தியோகத்தருக்கும் முகவரியைச் சொல்லிவிடுங்கள். முதல் பத்து நாளில் அவர் இரண்டு தடவை வீடு வந்து பார்க்க வேண்டும். சொல்லாவிட்டால் உங்கள் சொந்த வீட்டுப் பகுதி உத்தியோகத்தர் பூட்டிய கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதியர், மருத்துவ மாதர் சிலர்
கொழும்பு 13