கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் வி.ஆர். கேம் சென்டர் நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வாடகை, கரன்ட் பில், ஹெட்செட் விலை எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு, கண்ணை மூடி ஹெட்செட் மாட்டி கேமுக்குள்ளேயே இருப்பதுபோல ஆடும் வி.ஆர். சென்டரை நம்ம ஊரில் நடத்துகிறீர்கள். சந்தோஷம். ஒரே ஒரு கோரிக்கை: எந்த கேம் கேட்டாலும் அதே இரண்டு கன்ட்ரோலரைக் கையில் திணிக்காதீர்கள்.

என் சித்தப்பா தொப்பூர் கணவாயில் வருஷக்கணக்கில் லோடு லாரி ஓட்டியவர். ஒரு சென்டரில் ஆசையாகக் கார் ரேஸ் கேட்டார். கன்ட்ரோலரைக் கொடுத்தார்கள். பிரேக் எந்த பட்டன் என்று குனிந்து பார்த்தார். ஹெட்செட்டுக்குள் அது எங்கே தெரியும்? வளைவு வரும்போதெல்லாம் அவர் வலது கால் வெறும் தரையை அழுத்தி மிதித்தது. கொஞ்ச நேரத்திலேயே கழற்றிக் கொடுத்துவிட்டார். வீலும் பெடலும் இருந்திருந்தால் அவரை எழுப்பியிருக்கவே முடியாது.

கண்ணைக் கட்டிவிட்ட பிறகு, கைகால் பழக்கத்தை நம்பித்தானே ஆட வேண்டும்? வாள் வீச, வில் இழுக்க, கை அசைவை அப்படியே கேமுக்குள் கொண்டுபோகும் மோஷன் கன்ட்ரோலரை அடித்துக்கொள்ள ஆளில்லை. விமானம் ஓட்ட ஜாய்ஸ்டிக்தான் சரி. உட்கார்ந்து ஆடும் பல கேமுக்கு, இரண்டு கையாலும் பிடித்து பட்டன் அழுத்தும் சாதாரண கேம்பேடே போதும். 2016 மார்ச்சில் ஆக்குலஸ் ரிஃப்ட் என்ற வி.ஆர். ஹெட்செட் வந்தபோது பெட்டியில் இருந்தது எக்ஸ்பாக்ஸ் கேம்பேட்தான். அதற்கான மோஷன் கன்ட்ரோலரான டச் அந்த டிசம்பரில்தான் வந்தது. குவெஸ்ட் ஹெட்செட் வெறும் கையையே கேமராவில் பார்த்துப் புரிந்துகொள்ளும், ஆனால் வெளிச்சம் குறைந்தால் தடுமாறும். கலர் லைட் மட்டும் போட்டு அறையை இருட்டாக்கி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புதிதாக வருபவர்களை, ஸ்டிக்கைத் தள்ளி நடக்கும் கேமில் எடுத்த எடுப்பிலேயே விடாதீர்கள். கண்ணுக்கு நடப்பதுபோல இருக்கும், உடம்போ நின்ற இடத்தில் நிற்கும். நிறைய பேருக்குத் தலை சுற்றிக் குமட்டும். நடக்காமல், காட்டிய இடத்துக்குச் சட்டென்று தாவும் டெலிபோர்ட் வசதி இருந்தால் அதைப் போட்டுக் கொடுங்கள்.

வீல் வாங்கினால் பெரும்பாலும் பிசியும் வேண்டும், செலவுதான். எல்லா சீட்டுக்கும் கேட்கவில்லை, ஒரு சீட்டுக்குப் போதும். நாலு பக்கமும் ஹைவே ஓடும் ஊரில் அந்த சீட் காலியாக இருக்காது.

அப்புறம், ஒரு கை மட்டும் இயங்கும் பிள்ளைகளை "ரெண்டு கையும் வேணும்" என்று திருப்பி அனுப்பாதீர்கள். அவர்களுக்காகவே 2018-இல் மைக்ரோசாஃப்ட் பெரிய பட்டன் வைத்த அடாப்டிவ் கன்ட்ரோலரைக் கொண்டுவந்தது. அது இல்லாவிட்டாலும் ஒரே கன்ட்ரோலரில் ஆடும் கேம்கள் இருக்கின்றன. நாலைந்தை ஏற்றி வையுங்கள். காசு வாங்கும் முன் "எதில் ஆடிப் பழக்கம், உட்கார்ந்தா நின்றா?" என்று கேட்கக் கடைப் பையன்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு கேமர்