சி டிரைவில் யூனிக்ஸ் கோப்புறைகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்டோஸ் கணினியிலும் யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸ் போல பின் (bin), எட்சி (etc), ஆப்ட் (opt), டெம்ப் (tmp), ஹோம் (home) என்று கோப்புறைகள் வைத்துக்கொள்ளலாம் என்று கணினிப் பக்கங்களில் அவ்வப்போது எழுதுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கூடவே நிரல்கள் நிறுவப்படும் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையை வேறு இடத்துக்கு நகர்த்தி, விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திருத்தவும் சொல்கிறார்கள். அதைத் தயவுசெய்து நிறுத்த வேண்டும். அந்த இடமாற்றத்தை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. பழைய பாதையை நம்பி எழுதப்பட்ட நிரல்களும் அப்டேட்களும் பழைய இடத்துக்கே போய் நிற்கும்.

விண்டோஸுக்குச் சொந்தமானதைத் தொடவே தேவையில்லை. நாம் கொண்டுவந்து வைப்பதை மட்டும் ஒழுங்குபடுத்தினால் போதும். ஒற்றைக் கோப்பாக வரும் சிறு கருவிகள் சி:\பின்-இல், தனிக் கோப்புறையாக வரும் பெரியவை சி:\ஆப்ட்-இல், கையால் எழுதும் அமைப்புக் கோப்புகள் சி:\எட்சி-இல், மூலநிரல் (source code) சி:\எஸ்ஆர்சி-இல் (src). இப்படிப் பிரித்துவிட்டால் எதை பேக்கப் எடுப்பது, எதைத் திரும்ப இறக்கிக்கொள்வது என்று யோசிக்கவே வேண்டாம். பெயரில் இடைவெளி இல்லாததும் பெரிய லாபம்: புரோகிராம் ஃபைல்ஸ் என்ற பெயரின் நடுவிலுள்ள இடைவெளியில் மூலநிரலை இயங்கும் நிரலாக்கும் மேக் (make) கோப்புகள் உடைந்துபோவது தினசரி நடப்பது.

யூனிக்ஸில் எல்லாக் கோப்புறைகளுக்கும் மேலே ஒரே வேர். விண்டோஸில் டிரைவுக்கு ஒரு வேர். யூனிக்ஸிலிருந்து வந்த நிரல் /டெம்ப் என்று கேட்டால், விண்டோஸ் அதை அப்போது நிற்கும் டிரைவின் வேரிலிருந்து படிக்கும். சி-யில் நின்று ஓட்டினால் சி:\டெம்ப், டி-யில் நின்று ஓட்டினால் டி:\டெம்ப். நேற்று ஓடிய நிரல் இன்று ‘கோப்பு இல்லை’ என்பதற்கு இது அடிக்கடி காரணமாகிறது. ஆகவே இரண்டாவது வட்டுக்கு எழுத்தே தராமல், வட்டுகளை நிர்வகிக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்ட்டிஷனை (வட்டின் பிரிவை) வலக்கிளிக் செய்து, டிரைவ் எழுத்தையும் பாதையையும் மாற்றும் இடத்தில் சி:\எஸ்ஆர்வி போன்ற கோப்புறையில் மவுன்ட் செய்யலாம், அதாவது அந்த வட்டை ஒரு கோப்புறையாகவே இணைக்கலாம். அந்தக் கோப்புறை காலியாகவும் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான கோப்பு அமைப்பு) வட்டிலும் இருக்க வேண்டும். பழைய எழுத்தை நம்பி ஏற்கெனவே நிரல்களை நிறுவியிருந்தால் மட்டும் அதை நீக்காதீர்கள்.

அனுமதி விஷயத்தை யாருமே எழுதுவதில்லை, அதுதான் வருத்தம். சி:\ வேரில் புதிதாக உருவாக்கும் கோப்புறையில், உள்நுழைந்த எந்தப் பயனரும் கோப்புகளை மாற்ற இயல்பிலேயே அனுமதி உண்டு. அதை அப்படியே சிஸ்டம் பாத்-இல் (பெயரை மட்டும் தந்தால் விண்டோஸ் நிரலைத் தேடும் கோப்புறைப் பட்டியலில்) சேர்த்தால், சாதாரணக் கணக்கில் இருப்பவர் அங்கே வைக்கும் நிரலை நிர்வாகி தெரியாமல் ஓட்டிவிடக்கூடும். பின், ஆப்ட் இரண்டிலும் மேலிருந்து வரும் அனுமதியைத் துண்டித்து, நிர்வாகிகளுக்கும் சிஸ்டம் கணக்குக்கும் முழு உரிமையும், மற்றவர்களுக்குப் படிக்கவும் இயக்கவும் மட்டும் உரிமையும் கொடுங்கள். பாத்-ஐ செட்எக்ஸ் (setx) கட்டளையால் நீட்டவே வேண்டாம்: 1024 எழுத்துக்கு மேல் போனதை அது வெட்டிவிடும். சுற்றுச்சூழல் மாறிகள் சாளரத்திலேயே சேர்ப்பது பத்திரம்.

லினக்ஸ் மூலநிரலைச் சுருக்கிய கோப்பிலிருந்து பிரித்தெடுக்கும்போது இரண்டு இடங்களில் இடிக்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டில் மட்டும் பிரியும் இரு கோப்புகளில் ஒன்றை மற்றது அழித்துவிடும். விண்டோஸ் 10-இன் 2018 ஏப்ரல் பதிப்பு முதல், எஃப்எஸ்யூடில் (fsutil) கட்டளையால் ஒரு கோப்புறைக்கு மட்டும் இந்த வேறுபாட்டை மதிக்கச் செய்யலாம். கோப்புகளைப் போடும் முன், காலியாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும். இன்னொன்று, கோப்பின் முழுப் பாதைக்கு இருக்கும் 260 எழுத்து வரம்பு. ரெஜிஸ்ட்ரியில் லாங்பாத்ஸ் எனேபிள்டு (LongPathsEnabled) மதிப்பை 1 ஆக்கினாலும், அதற்கென எழுதப்பட்ட நிரல்களுக்கு மட்டுமே பலன். சி:\எஸ்ஆர்சி என்று குட்டையாகத் தொடங்குவதே எளிய வழி.

ஹோம் வேண்டுமென்றால் பயனர் கோப்புறைகள் இருக்கும் யூசர்ஸை நகர்த்தாமல் ஒரு ஜங்ஷன் (ஒரு கோப்புறையை இன்னொரு பெயரிலும் காட்டும் இணைப்பு) போதும். கமாண்ட் பிராம்ப்டில் எம்கேலிங்க் /ஜே சி:\ஹோம் சி:\யூசர்ஸ் (mklink /J C:\home C:\Users) என்று தர வேண்டும். இது கமாண்ட் பிராம்ப்டின் உள்கட்டளை என்பதால் பவர்ஷெல்லில் நேரடியாக ஓடாது. விஸ்டா முதல் விண்டோஸே டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ் என்ற பழைய பெயரை இப்படியொரு ஜங்ஷனாகத்தான் வைத்திருக்கிறது. ஆனால் கோப்புகளை நகலெடுக்கும் ரோபோகாப்பி (robocopy) கட்டளை கொண்டு பேக்கப் எடுத்தால், ஜங்ஷன்களைத் தவிர்க்கச் சொல்லும் /எக்ஸ்ஜே (/XJ) சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாக் கோப்பும் இரண்டு முறை நகலாகும்.

ஜங்ஷனை நீக்கும்போதுதான் கோப்புகள் பறிபோகின்றன. ஆர்டி (rd) கட்டளை இணைப்பை மட்டும் எடுக்கும். அதே பெயருக்கு டெல் (del) கட்டளை கொடுத்து, வரும் கேள்விக்கு ஆம் என்றால், இணைப்பு அப்படியே இருக்கும். அது காட்டும் கோப்புறையிலுள்ள உண்மையான கோப்புகள் போய்விடும். எம்கேலிங்க் கட்டளையை அச்சிடும்போதெல்லாம் இந்த வேறுபாட்டையும் கீழே ஒரு வரியாகச் சேர்த்து அச்சிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கணினி நிர்வாகப் பணியில் உள்ள வாசகர்