ஓதம் ஏறும் சுவருக்கு சிமெண்டு பூசாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தோட்டத்துக் கோயில்களின் திருப்பணிச் செய்திகளில் "பழைய காரை முழுவதும் கொத்தி எடுக்கப்பட்டு சிமெண்டு பூசப்பட்டது" என்று பெருமையாகப் போடுகிறார்கள். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக எழுந்த பழைய சுவருக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. துரை பங்களாவுக்கும் பழைய கடைவரிசைக்கும் இதே நிலைதான். கம்பி கட்டி கான்கிரீட்டில் எழுப்பிய புதிய கோயில்களை இங்கே நாங்கள் சொல்லவில்லை.

சுண்ணாம்புக் காரை மழையில் உறிஞ்சிய ஈரத்தை வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமெண்டுப் பூச்சு அந்த வழியை அடைக்கிறது. உள்ளே சிக்கிய நீர் மேலே ஏறி வழி தேடும். இடுப்பளவு பூசினால் ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம், நெஞ்சளவில் வந்து நிற்கும். உடனே நெஞ்சளவுக்கும் பூசுவார்கள். நீரில் கரைந்து வந்த உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லின் முகத்தையே பெயர்த்துத் தள்ளும். பூச்சு பாளமாக விழும்போது செங்கல்லும் சேர்ந்து உதிர்வது இதனால்தான். பழி மட்டும் செங்கல் மேல்.

நீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. கறை சுவரின் தலையில் தொடங்கினால் கூரையையும் கூரைநீர் ஓடும் பீலியையும் பாருங்கள். தரையிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர் உயரம்வரை பட்டையாகப் படர்ந்து, மேல் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது நிலத்து ஓதம். சந்தேகமிருந்தால் 30 செ.மீ. சதுர அலுமினியத் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி, 2 நாள் கழித்துப் பிரியுங்கள். தாளின் பின்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது; முன்பக்கம் நனைந்திருந்தால் காற்றின் ஈரம் படிகிறது. முள் குத்திப் பார்க்கும் ஈரமானியை அப்படியே நம்ப வேண்டாம், சுவரில் உப்பு இருந்தால் ஈரத்தைக் கூட்டிக் காட்டும். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால் பொள்ளென்று ஒலிக்கும் இடங்களில் காரை சுவரை விட்டுப் பிரிந்துவிட்டது என்று அறியலாம். அந்த இடங்களை மட்டும் எடுத்தால் போதும்.

பல கோயில்களில் குற்றவாளி வெளியேதான் இருக்கிறது. சுவரை ஒட்டிப் போட்ட கான்கிரீட்டுத் தளம் மண்ணின் ஈரத்தைச் சுவர்ப் பக்கம் தள்ளுகிறது. அந்தத் தளத்தை 30 செ.மீ. அகலத்துக்கு உடைத்தெடுத்து, வெளித் தரையை உள்தரைக்கு 15 செ.மீ.யாவது கீழே இறக்கி, சரளைக்கல் நிரப்பி, மழைநீரைக் கால்வாய்க்குத் திருப்ப வேண்டும். இதைச் செய்யாமல் எதைப் பூசினாலும் வீண்.

பூத்த உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், கரைந்து மறுபடியும் உள்ளே போகும். உலர்ந்த தூரிகையால் துடைத்து, தூளைக் கீழே விழவிடாமல் அள்ளிக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்பு கிடைப்பதில்லை என்பது சாக்கு. ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் மலைகள்தானே! ஆனால் ஓர் எச்சரிக்கை: செம்பனைக்குப் போடும் சுண்ணாம்புத் தூள் வெறும் அரைத்த கல். அது இறுகவே இறுகாது. வேண்டியது நீற்றிய சுண்ணாம்பு, அதாவது சுட்ட கல்லைத் தண்ணீர் சேர்த்துப் பொரியவைத்தது. மூட்டையில் வரும் மாவை ஒரு நாளாவது தண்ணீரில் ஊறவையுங்கள். கூடுதலாக ஊறினால் இன்னும் நல்லது. கல் சுண்ணாம்பை நீற்றுவதானால் தண்ணீரில்தான் சுண்ணாம்பைப் போட வேண்டும், சுண்ணாம்பில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும் என்பதால் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

ஒரு பங்கு சுண்ணாம்பு விழுதுக்கு 3 பங்கு கழுவிய சொரசொரப்பான மணல். "கொஞ்சம் சிமெண்டு கலந்தால் சீக்கிரம் இறுகும்" என்று யாராவது சொல்வார், மறுத்துவிடுங்கள். சுவரை நனைத்து, ஒரு தடவைக்கு 10 மி.மீ. தடிப்புக்கு மேல் போகாமல் பூசி, நகம் லேசாகப் பதியும் அளவுக்கு இறுகிய பிறகே அடுத்த பூச்சு. ஈரக் கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது வெயில் படாமல் காக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவை உண்டு, மாதத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ. ஆழம்தான் அது கல்லாகும். மேலே எனாமல் சாயம் அடித்தால் பட்ட பாடெல்லாம் போச்சு. பால் போல் கரைத்த சுண்ணாம்பு வெள்ளையை 4, 5 தடவை அடிக்கலாம், வண்ணம் வேண்டுமென்றால் காவித்தூள் சேர்க்கலாம்.

கோபுரத்தில் முளைக்கும் அரசங்கன்றைப் பிடுங்கினால் வேர் காரையோடு வரும். வெட்டி, அடித்தண்டில் களைக்கொல்லி தடவி, காய்ந்தபின் எடுங்கள்.

நிர்வாகங்கள் கணக்கில் கொள்ள வேண்டிய இன்னொன்று காலம். ஓதம் நின்ற பிறகு, சுவரின் ஒவ்வோர் அங்குலத் தடிப்பும் காய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். 9 அங்குலச் சுவருக்கு 9 மாதம். குடமுழுக்குக்கு நாள் குறித்து அழைப்பிதழ் அடித்துவிட்டுக் கொத்தனாரைத் தேடினால் அவருக்கும் சிமெண்டை விட்டால் வேறு வழியில்லை. நீர் வடிகாலைச் சரிசெய்து, சுவர் காய்ந்ததைப் பார்த்த பிறகு நாள் குறியுங்கள்.

இப்படிக்கு,
பழங்கட்டடப் பராமரிப்புப் பணியாளர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்.