தியானம் முடிந்து வீடு திரும்பிய நண்பனுக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோலாலம்பூரிலேயே வேலை அமைந்ததும் உன் முழங்கால் வலி குறைந்ததும் அறிந்து மிகவும் மகிழ்ந்தோம். இங்கே புக்கிட் மெர்தாஜாமில் எல்லாரும் நலம். மழைதான் விட்டபாடில்லை.

வீட்டை விட்டுத் தங்கிச் செபித்த அந்தத் தியானத்தைப் பற்றி நீ எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். அங்கே இருந்தவரை ஆண்டவர் பக்கத்திலேயே நின்றார், வீடு திரும்பிய சில வாரங்களில் எல்லாம் வடிந்துவிட்டது, செபமாலையை எடுத்தால் மனம் மரக்கட்டையாய்க் கிடக்கிறது என்கிறாய். வேறு செபக்கூட்டத்துக்குப் போய்ப் பார்க்கட்டுமா என்றும் கேட்கிறாய். தாராளமாகப் போ. ஆனால் அந்த உருக்கத்தை மறுபடி பிடிப்பதற்காக என்றால் வேண்டாம்.

இயேசு சபையைத் தொடங்கிய புனிதர் லொயோலா இஞ்ஞாசியாரை நினைத்துப் பார். 1521இல் பாம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்தது. படுத்த படுக்கையில் பொழுது போகாமல் பகற்கனவு கண்டார். போர்க்களம், வீரம், ஓர் உயர்குலப் பெண் என்று எண்ணியபோதெல்லாம் இனித்தது. எண்ணி முடித்ததும் உள்ளம் வறண்டது. புனிதர்களைப் போல வாழ்ந்தால் என்ன என்று எண்ணியபோதும் இனித்தது. ஆனால் எண்ணம் நின்ற பிறகும் அந்த மகிழ்ச்சி தங்கியது. அவர் மனமாற்றம் இந்த வித்தியாசத்தைக் கவனித்ததில்தான் தொடங்கியது. பிற்பாடு அவர் வகுத்த ஒழுங்குகளில் ஒன்று உனக்கென்றே சொன்னது போலிருக்கிறது: வறட்சி வந்த நேரத்தில், முன்பு எடுத்த நல்ல முடிவை மாற்றாதே, செபத்தைக் குறைப்பதற்குப் பதில் சற்றுக் கூட்டு.

அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோது பலர் அதிர்ந்துபோனார்கள். ஏறக்குறைய ஐம்பது ஆண்டு அவர் உள்ளத்தில் இருள். கடவுள் இருக்கும் உணர்வே இல்லை. அப்படியும் தினமும் பூசைக்கு எழுந்தார், கொல்கத்தாத் தெருவில் சாகக் கிடந்தவர்களைத் தூக்கி வந்தார். அந்த வாழ்க்கை வெறுமை என்று உன்னால் சொல்ல முடியுமா? என்னால் முடியாது.

யோவான் நற்செய்தி 15ஆம் அதிகாரத்தை இன்று இரவு நிதானமாகப் படி. கொடியாகிய நீங்கள் என்னில் நிலைத்திருங்கள் என்கிறார் இயேசு. உங்கள் மகிழ்ச்சி நிறைவு பெறவேண்டும் என்று அடுத்துச் சொல்கிறார். எப்போது சொன்னார்? பிடிபடப்போகும் இரவில். அதே இரவில் கெத்சமனித் தோட்டத்தில் சாவு வருமளவுக்கு உள்ளம் துயருற்றார். நிறைவும் துயரமும் ஒரே இரவில், ஒரே நெஞ்சில் இருந்திருக்கின்றன. ஆகவே அந்த நிறைவை நம் மனநிலையை வைத்து அளக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அவர் நம்மை விடவில்லை, நாமும் அவரை விடவில்லை, இதுதான் அது.

நான் இப்போது கோயிலில் நற்கருணைப் பணியாளர். ஞாயிறு பூசை முடிந்ததும், ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய பெரியவர் ஒருவருக்கு நற்கருணை அப்பம் கொண்டுபோகிறேன். பக்கவாதத்தால் வாய் சரியாகப் பேச வராது. ஆனாலும் சலவை செய்த சட்டை போட்டு, தலை வாரி, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பல ஞாயிறுகளில் என் நெஞ்சில் எந்த உருக்கமும் இல்லாமல்தான் அந்த வீட்டுப் படியேறுகிறேன். 'எங்கள் தந்தையே' செபத்தில் அவர் குழறிக்கொண்டு சேரும்போது, நான் இருக்கவேண்டிய இடம் இதுதான் என்று தெளிவாகத் தெரிகிறது. திங்கட்கிழமையும் அது மாறுவதில்லை.

உன் பேட்டையிலும் இப்படிக் காத்திருப்பவர் யாராவது இருப்பார். பங்குச் சாமியாரைக் கேட்டுப் பார்.

ஜூலையில் அன்னம்மாள் திருவிழாவுக்கு அவசியம் வா. 2019இல் எங்கள் அன்னம்மாள் கோயில் பசிலிக்கா என்ற சிறப்புத் தகுதி பெற்ற பிறகு நீ இன்னும் வரவில்லை. திருவிழா நாளான 26ஆம் தேதி நெருங்கினால் கூட்டத்தில் நின்று பேசக்கூட இடமிருக்காது. திருவிழாவுக்கு முந்திய நவநாள் செபங்கள் தொடங்கும்போதே வந்துவிடு. 1888இல் கட்டிய பழைய கோயிலில் உட்கார்ந்து பேசுவோம். இ.டி.எஸ். மின்சார ரயில் இங்கேயே நிற்கும், பட்டர்வொர்த் வரை போகவேண்டாம். எந்த ரயில் என்று மட்டும் சொல், வண்டியோடு வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழன்